உள்ளறைப் பலகை

"அப்பா, நாம விட்ட மூச்சு ராத்திரி எங்க போய்ப் படுக்கும்?"

ஆவுடையப்பனின் மகள் நாலு வயதில் கேட்ட கேள்வி இது. சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்துகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள். "அது காத்தோட போயிரும்ட்டி" என்று சொல்லி, முக்குக் கடையில் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்து அந்தப் பேச்சை முடித்துவிட்டார் அவர்.

காற்றோடு போனது எங்கும் போய்விடவில்லை, தலைக்கு மேலேயே தங்கியிருக்கிறது என்பது எல்லோருக்கும் உறைத்தபோது காலம் கடந்துவிட்டது. கடல் ஏறி வந்து கரையோரக் குப்பங்களை எடுத்துக்கொண்டது. பகலில் கொஞ்ச நேரம் வெளியே நின்றால் ஆள் சுருண்டு விழும் அளவுக்கு வெயில் மாறியது. வீடிழந்தவர்களுக்காகத் துறைமுகத்துக்கு வடக்கே மேட்டில் உயரமான கட்டடங்கள் எழுந்தன. கடல்மேட்டுக் குடியிருப்பு என்று பெயர். ஜன்னல்கள் எப்போதும் அடைத்தே இருக்கும். உள்ளே இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்பத் திரும்ப விடுவார்கள். அடைத்த வீட்டில் மனிதர்கள் விடும் மூச்சு சேர்ந்துகொண்டே போனால் ஆபத்து. அதை உறிஞ்சிக்கொள்ள ஒவ்வோர் அறைச் சுவரிலும் ஒரு பலகை. மாதக் காலண்டர் அளவு அகலம், இரண்டு விரல் கனம். புதிதாக மாட்டும்போது அரிசிமாவு நிறத்தில் இருக்கும். நிரம்ப நிரம்ப நாவல்பழ நிறத்துக்கு வரும். நிரம்பியதைக் கழற்றி, புதியதை மாட்டி, கழற்றியதைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சூளைக்குக் கொண்டுபோவதுதான் ஆவுடையப்பனின் உத்தியோகம்.

குடியிருப்பை நடத்தும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொறியாளர் வைதேகியிடம் அவர் கேட்டிருக்கிறார். "மேடம், இத்துனூண்டு பலகைக்குள்ள ஒரு மாசத்து மூச்சு எப்படி அடங்குது?"

வைதேகி திருச்சிக்காரி. வயதில் அவருக்கு மகள்போல. பொறுமையாகவே சொன்னாள். "இதுல இருக்கிற பொடி முழுக்கத் துளை, அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி அறைகள். ஒரு ஸ்பூன் பொடியோட உள்சுவர் எல்லாத்தையும் பிரிச்சு விரிச்சா ஒரு ஃபுட்பால் கிரவுண்டையே மூடிடலாம். கரியமில வாயு மட்டும் வந்து அந்த அறைகள்ல உட்கார்ந்துக்கும். சூளையில வெச்சுச் சூடு காட்டினா எழுந்து வெளியே போயிடும். அதைப் பிடிச்சுப் பூமிக்குள்ள அனுப்பிடுவோம்."

"அப்ப சத்திரம்னு சொல்லுங்க."

"சத்திரம்தான். ஆனா இடம் நிறைஞ்சா வர்றவங்களை உள்ளே சேர்க்காது."

சத்திரம் நிறைந்தால் என்ன ஆகும் என்பதை ஆவுடையப்பன் கண்ணால் பார்த்திருக்கிறார். இரண்டாம் கட்டடத்தில் ஒரு வீட்டில் சொந்தக்காரர்கள் என்று ஒரு குடும்பத்தையே ஒளித்து வைத்திருந்தார்கள். பலகைகள் நிறைந்தது யாருக்கும் தெரியவில்லை. காலையில் எல்லோரும் மண்டையிடியோடு எழுந்தார்கள். பிறந்து சில நாளான ஒரு குழந்தை மட்டும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குக் கறுத்த பலகைகளைச் சுமந்து இறக்கியது அவர்தான். அதன் பிறகுதான் சட்டம் இறுகியது. பதிவு செய்தவர்களைத் தவிர ஓர் ஆள் கூடுதலாகத் தங்கினாலும் அந்த வீடு பறிபோகும். ஒளிந்திருந்தவரை உள்நாட்டு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். முகாம் என்றால் பொட்டல்காட்டில் தகரக் கொட்டகை. அங்கே ஒரு கோடையைத் தாண்டிய வயசாளிகளை விரல்விட்டு எண்ணலாம்.

தை மாதம் பிறந்து சில நாள் ஆனபோது வைதேகி அவரை அழைத்து உட்காரச் சொன்னாள். உட்காரச் சொன்னால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"மூச்சு நடமாடுது அண்ணாச்சி."

"புரியல மேடம்."

"மூணாவது கட்டடம், நாலாவது மாடி. முதல்ல இஞ்ஞாசியம்மா வீட்டுப் பலகை கறுத்து வருது. அடுத்த தடவை அது சரியாயிடுது, ரெண்டு கதவு தள்ளி இன்னொரு வீட்டுல கறுக்குது. அப்புறம் எதிர் வீட்டுல. யாரோ ஒருத்தரை வீடு மாத்தி வீடு மாத்தி வெச்சிருக்காங்க."

"விருந்தாளுக வந்து போவாங்க மேடம்."

"விருந்தாளின்னா பதிவு பண்ணணும்ல." அவள் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினாள். "நிறுவனத்துல உங்களையும்தான் கேக்கறாங்க. பலகையைக் கழட்டி மாட்டுறது நீங்க. உங்க கண்ணுக்குத் தெரியாம எப்படி நடக்கும்னு."

"நீங்க என்ன சொன்னிய?"

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

நம்புகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"கண்டுபிடிச்சுக் குடுங்க அண்ணாச்சி. இல்லைன்னா உங்களை மறுபடியும் சூளைக்கு மாத்திடுவாங்க. எனக்கு அது பிடிக்கலை."

 முன்பு அவர் சூளையில்தான் வேலை பார்த்தார். பலகைகளைச் சுடும் இடத்துக்குக் கீழே ஆள் உயரக் குழி ஒன்று உண்டு. வேறு ஷிப்டுக்கு மாறிய முதல் நாளே, அங்கிருந்தவர்களின் முகம் பழகுவதற்குள், குழிக்குள் விழுந்துவிட்ட பலகையை எடுக்க இறங்கினார். வெளியேறிய வாயு குழாயில் போகாமல் குழிக்குள் தண்ணீர்போலத் தேங்கியிருந்தது. மணம் கிடையாது, நிறம் கிடையாது. குனிந்தவருக்கு முழங்கால் மடங்கியதுதான் தெரியும். கண் திறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தார். "நீங்களாவே ஏணியில ஏறி வந்து விழுந்துட்டீங்க" என்றார்கள். யாரோ ஒருத்தன் வால்வை மூடாமல் விட்டதுதான் காரணம், அவனை வேலையைவிட்டு நீக்கியாயிற்று என்றும் சொன்னார்கள். அவன் பேரைச் சொல்லவில்லை. அவர் வேலைக்குத் திரும்பியபோது அன்றைய ஷிப்டில் இருந்த எல்லோரையும் வெவ்வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள்.

தானாக ஏணியில் ஏறிய ஞாபகம் அவருக்கு இல்லை. அந்தச் சந்தேகம் பல்லில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் முகம் தெரியாத அந்த வால்வுக்காரனைத் திட்டாத நாள் இல்லை. வெகுநாள் கழித்து ஒரு சிவராத்திரியன்று, அவனை மன்னித்துவிட்டதாகச் சுவாமி முன்னால் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு மனசு லேசாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆவுடையப்பன் நாலாம் மாடிக்குப் போனார். லிப்டுக்காரர் சூசை ஸ்டூலில் உட்கார்ந்து பொரிகடலை மென்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இந்த நேரத்துல? மாதாவுக்கு ஜெபம் சொல்லவா? நெத்தியில பட்டையோட வந்தா மாதாவே பயந்துருவாவ."

"சும்மா பாக்க வந்தேன் வே. மாதான்னா?"

"தெரியாதா? அக்டோபர் ஆனா மாதா சுரூபத்தை, அதான் சிலையை, கோயில்ல இருந்து வீடு வீடாக் கொண்டுபோவோம். ஒவ்வொரு வீட்டுலயும் சில நாளு இருப்பாவ. அக்கம்பக்கம் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்லுவோம். மாசக் கடைசியில கோயிலுக்கே கொண்டுபோய் வச்சிருவோம்." சூசை கடலைத் தோலை ஊதினார். "மத்த மாடியில எல்லாம் முடிஞ்சாச்சு. இந்த மாடிக்காரிய மட்டும் கிறிஸ்மஸும் போயி, பொங்கலும் போயி, இன்னும் சுரூபத்தத் திருப்பிக் குடுக்கல. சாமியார் கேட்டதுக்கு, எங்களுக்குப் பக்தி அதிகம்னாளுவளாம்."

இஞ்ஞாசியம்மாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பத்திருபது பேர் தரையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் நீல அங்கி போர்த்திய சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணத்தில் மல்லிகை. அவர் தலையைக் கண்டதும் ஜெபம் ஒரு மணியில் தட்டி நின்றது. பிறகு முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தது.

ஆவுடையப்பன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி நின்றார். யாருடைய சாமியானாலும் சாமி. முடிந்ததும் இஞ்ஞாசியம்மாள் ஒரு தட்டில் பொரியோடு வந்தாள். வாட்டசாட்டமான பெண், குப்பத்தில் மீன் ஏலம் கூறியவள்.

"பலகை மாத்துறதுக்கு இன்னும் நாளு இருக்கே அண்ணாச்சி."

"இருக்கு. போன தடவை ஹால் பலகை கறுத்து வந்துதேன்னு ஆபீஸ்ல கேக்காவ."

"இத்தன சனம் உக்காந்து வாய்விட்டுச் சொன்னா கறுக்காதா? மாதா கிட்ட மூச்ச அடக்கிக்கிட்டா கேக்க முடியும்?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேகமாக முடிந்தது.

"சரிதான்" என்றார் ஆவுடையப்பன். "உள்ள ரூம் பலகையையும் ஒரு எட்டு பாத்துக்கிடுதேன்."

 ஓரத்தில் ஒல்லியான ஒருத்தி, பெயர் தெக்லா, மடியில் உறங்கிய பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பாமல் எழுந்து உள்ளறைக் கதவை மறைத்தாற்போல் நின்றாள். "உள்ள பிள்ளைய உடுப்பு மாத்துதுவ, அண்ணாச்சி. நாளைக்கு வாங்க."

அவர் திரும்பிவிட்டார். ஆனால் தெக்லா நகர்ந்தபோது கதவிடுக்கு வழியாக உள்சுவர் தெரிந்தது. பலகை ஹாலில் இருந்ததைவிடக் கறுப்பாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தார். ஜெபம் சொல்வது ஹாலில். ஹால் கறுப்பதற்குச் சுரூபம் காரணம் சொல்லும். உள்ளறையில் யார் ஜெபம் சொன்னது? உள்ளே யாரோ படுத்துத் தூங்குகிறார்கள். சுரூபம் எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்கு அந்த ஆளும் போகிறார். கூட்டத்து மூச்சுக்குள் தனி மூச்சை ஒளிக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். அதை நினைத்தபோது அவருக்குக் கோபமும் வந்தது. இரண்டாம் கட்டடத்துக் குழந்தையின் தொட்டில் கண்ணில் வந்து போனது.

சுரூபம் வெள்ளிக்கிழமை தெக்லா வீட்டுக்குப் போனதாகச் சூசையே சொன்னார், கேட்காமலே. ஆவுடையப்பன் அடுத்த வாரம்வரை பொறுத்தார். பிரதோஷத்தன்று உச்சிப்பொழுதில், மாடி முழுக்கக் கதவடைத்துத் தூங்கும் நேரத்தில், தள்ளுவண்டியில் புதுப் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு தெக்லாவின் கதவைத் தட்டினார். விரதம். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்தான்.

தெக்லா கதவைப் பாதிதான் திறந்தாள். கணவன் துறைமுகத்தில் காவல் வேலைக்குப் போயிருந்தான், மகள் பள்ளிக்கூடத்தில். பின்னால் மேசையில் சுரூபம்.

"உள்ளறைப் பலகையப் பாக்கணும்."

"இப்பவா? சாயங்காலம்..."

"இப்பத்தான், தாயி. விலகுங்க."

அவர் அதட்டவில்லை. ஆனால் அவள் விலகினாள். உள்ளறைக் கதவைத் திறந்ததும் காற்று கனமாக முகத்தில் இறங்கியது. கட்டில், இரும்பு அலமாரி, மூலையில் சுருட்டிய பாய். ஆள் இல்லை. பலகை நாவல்பழம்போல் கறுத்துக் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் தலைவலி தொடங்கும்; அதற்கு மேல் விட்டால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். கையை உயர்த்தித் திருகைத் தளர்த்தினார். ஒரு திருகு கழன்றது. இரண்டாவதில் கை வைத்தபோது சுவர் பின்னால் போவதுபோல் இருந்தது. முழங்கால் மடங்கியது. அந்த மடங்கலை அவருக்கு முன்பே தெரியும்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து யாரோ பாய்ந்து வந்தது தெரிந்தது. இரண்டு கைகள் அவர் அக்குளுக்குள் நுழைந்து பிடித்தன. தரையில் விழவிடாமல், குதிகால் தரையில் இழுபட, அவரை ஹாலுக்கு இழுத்துப்போயின. காதோரம் கரகரத்த குரல் ஒன்று, மந்திரம்போலச் சொல்லிக்கொண்டே வந்தது.

"மேல பாரு. வாயத் தொற. மேல பாரு, மேல பாரு எய்யா."

ஆவுடையப்பன் மேலே பார்த்தார். தெரிந்தது தெக்லா வீட்டு மேற்கூரைதான். ஆனால் அதே குரலும் அதே சொல்லும் அவரை வேறோரிடத்துக்கு இழுத்தன. கறுத்த குழி, மேலே வட்டமாக ஒரு வெளிச்சம், அக்குளில் இரண்டு கைகள், ஏணிப்படியில் முழங்கால் இடித்த வலி. மேல பாரு எய்யா. இத்தனை நாளும் கனவு என்று நினைத்திருந்தது.

தெக்லா ஈரத்துணியோடு ஓடிவந்தாள். அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு அந்த மனிதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். நரைத்த தாடி. முகத்தில் குழந்தைபோல ஒன்றும் அறியாத பார்வை. தான் ஒளிந்திருக்க வேண்டியவன் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"இவருக்கு ஒண்ணுமில்லல்லா அக்கா?" என்று தெக்லாவிடம் கேட்டான்.

"ஒண்ணுமில்ல கஸ்பார். நீ போயி உக்காரு."

அவன் சுரூபத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெழுகுவர்த்தியின் உருகலைக் கிள்ளத் தொடங்கினான்.

 பிறகு தெக்லாதான் ஆரம்பித்தாள், தாழ்ந்த குரலில்.

"பாத்துட்டிய. இனி மறைக்க என்ன இருக்கு. எங்க குப்பத்து ஆளு. சொந்தம்னு யாரும் கெடையாது, கடல் கொண்டுபோயிட்டு. சூளையில வேலையா இருந்தான். ஒருநாளு குழிக்குள்ள ஒரு ஆளு விழுந்து கெடந்தாராம். எல்லாரும் முகமூடியத் தேடி ஓட, இவன் அப்படியே குதிச்சு அந்த ஆளத் தூக்கி மேல தள்ளிட்டான். இவனால ஏற முடியல. வெளிய எடுக்கிறவரைக்கும் மூளைக்குக் காத்து போகல. அதுக்கப்புறம் இப்படித்தான்."

"வால்வு..." என்றார் ஆவுடையப்பன்.

"வால்வுல பழுதுன்னு மாசக்கணக்காச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்களாம். கடைசியில இவன் தெறந்து போட்டான்னு சொல்லிப் பேரை அடிச்சு, முகாமுக்கு பஸ்ஸுல ஏத்திட்டாவ. எதுத்துப் பேச இவனுக்கு வாய் ஏது? அந்த வெயில்ல நடந்தே திரும்பி வந்துட்டான். வழி எப்படித் தெரிஞ்சுதோ. கீழ கேட்டு பக்கத்துல கெடந்தான், கால் ரெண்டும் கொப்புளமா. என்ன செய்யச் சொல்லுதிய? பாத்துட்டு மேல ஏறி வந்து சோறு திங்கவா?"

"எந்த வீட்டுலயும் பலகை நிறையக் கூடாதுன்னுதான் வீடு மாத்துனியளா?"

"பின்ன? எங்க பிள்ளையளும் இங்கனதான மூச்சு விடுது. ரெண்டாம் கட்டடத்து பிள்ளைய நாங்களும்தான் தூக்கிட்டுப் போனோம். ஒரு வீட்டுல ஒரு வாரத்துக்கு மேல வைக்கிறதில்ல."

"ஹால்ல படுக்க வச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, தாயி. ஹால் கறுத்தா ஜெபம்னு விட்டிருப்பேன்."

தெக்லா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "வீட்டுக்கு வந்தவன ஹால்ல, போற வர்ற வழியிலயா படுக்கப் போடுவாவ? கட்டிலு உள்ளதான கெடக்கு."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை கெட்டிக்காரத்தனமாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். நாலாம் மாடி முழுக்க ஒரு பெண்ணுக்குக்கூட, வந்தவனைத் தரையில் படுக்கவைக்கலாம் என்ற யோசனை வரவில்லை.

"அவன் தூக்கின ஆளு யாருன்னு..." என்று கேட்டார்.

"யாருக்குத் தெரியும். இவனுக்கும் தெரியாது. ஏதோ ஒரு குடும்பஸ்தனா இருக்கும். அவரு நல்லா இருந்தாப் போதும்." தெக்லா எழுந்தாள். எலுமிச்சம்பழத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தாள். "விரதம்னு மொகத்துலயே தெரியுது. உப்புப் போடல. குடிச்சிட்டு, செய்ய வந்ததச் செய்யுங்க."

நான்தான் அந்த ஆள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இந்த மாடியே அவர் காலைத் தொடும், அவரும் அழுவார், மனசு ஆறும். ஆனால் நாளைக்கு வைதேகியோ மேலதிகாரியோ ஆவுடையப்பன் எதற்காக உங்களை விட்டுவைத்தார் என்று இவர்களை உட்காரவைத்துக் கேட்டால், இந்தப் பெண்கள் சாமி பேரில் சத்தியம் பண்ணிப் பொய் சொல்ல வேண்டிவரும். ஒன்றும் தெரியாதவர்களாக இருந்தால் அந்தப் பாவம் அவர்களுக்கு இல்லை. அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. சிவராத்திரியன்று பெரிய மனசோடு அவர் மன்னித்துவிட்டு வந்தது இந்தக் கஸ்பாரைத்தான். தம்ளரைக் கையில் எடுத்தார்.

குடித்து முடித்தார். உள்ளறைக் கதவை அகலத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டு, மறுபடி ஸ்டூலில் ஏறி, கறுத்த பலகையைக் கழற்றி, புதியதை மாட்டினார். கஸ்பார் வந்து ஸ்டூலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "பைய எறங்குங்க" என்றான். யாரிடம் சொல்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. யாரானாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

"என்ன செய்யப்போறிய?" தெக்லா கேட்டாள்.

"பலகையக் கொண்டுபோகணும்."

"ஆபீசுக்கா?"

கறுத்த பலகையைச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்தார். அவர் நடைபாதையில் தள்ளிக்கொண்டு போகும்போது கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து, வண்டியைப் பார்த்து, மெதுவாக மூடின. யாரோ எச்சில் துப்பும் சத்தம் கேட்டது. அழுகுரல்கூடக் கேட்டதுபோல் இருந்தது. இஞ்ஞாசியம்மாள் மட்டும் வாசலிலேயே நின்றாள்.

"பொரி குடுத்தேனே அண்ணாச்சி" என்றாள்.

லிப்டில் இறங்கும்போது வைதேகியின் அழைப்பு வந்தது.

"என்ன அண்ணாச்சி, ஏதாவது கிடைச்சுதா?"

"தெக்லா வீட்டுல அளவுக்கு மேல சனம் கூடி ஜெபம் பண்ணுதாங்க, மேடம். மூச்சடைச்சிரும்னு உள்ளறையில புதுசு மாட்டியிருக்கேன். கழட்டினது சாயங்காலம் சூளைக்கு வந்திரும். நீங்களே பாத்துக்கிடுங்க."

"பாத்துக்கறேன்." அவள் போனை வைக்கவில்லை. "நீங்க ஏன் மூச்சு வாங்குறீங்க?"

"விரதம் மேடம்."

ஊழியர் குடியிருப்பு பின்பக்கம். மகள் கல்யாணமாகிப் போய், மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு அவர் வீட்டு உள்ளறையில் யாரும் படுப்பதில்லை. அவர் ஹாலிலேயே பாயைப் போட்டுக்கொள்வார். உள்ளறைச் சுவரில் பலகை, ஹாலில் அவர் விட்ட மூச்சு கசிந்து லேசாக மட்டும் நிறம் மாறி, கூடுதல் ஆள் யாரும் படுக்காத வீட்டுப் பலகை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. பலகைகளுக்கென்று தனி அடையாளம் எதுவும் கிடையாது. எந்தச் சுவரிலும் மாட்டும். கழற்றும்போது பின்பக்கம் வீட்டின் பேரைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவதுதான் வழக்கம். ஊழியர் வீடுகளின் பலகையை அவர் எடுப்பதில்லை. மாதக் கடைசியில் வேறொருவர் வந்து எடுப்பார்.

கதவைச் சாத்திக்கொண்டு, தன் வீட்டு உள்ளறைப் பலகையைக் கழற்றினார். திருப்பி வைத்து, சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். அது பொய். நெற்றியில் நீறு பூசிய கையால் எழுதும் பொய். பிறகு, இதற்கான தண்டனையை நீயே பார்த்துக் கொடு என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, 'தெக்லா, உள்ளறை' என்று தெளிவாக எழுதி, சாக்கில் சுற்றினார்.

கஸ்பாரின் மூச்சு நிறைந்த பலகையைத் தன் சுவரில் மாட்டி இரண்டு திருகையும் இறுக்கினார். இது இனி ஒரு மூச்சைக்கூட வாங்காது. மாதக் கடைசியில் எடுக்க வருகிறவர் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார். தனி ஆள் வீட்டில் யார் படுத்தது என்று நிறுவனம் கேட்கும். சூளைக்கு அனுப்பினாலும் அனுப்பும். கேட்கட்டும், அந்தப் பழி நாலாம் மாடிக்குப் போகாமல் தன்னோடு நிற்கட்டும். அடுத்த மாதமும் சுரூபம் ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும், அவர் வண்டியும் அந்த வழியாகப் போகும்.

பேர் எழுதிய பலகையைச் சூளை வாசலில் சேர்த்துவிட்டு, கோயிலுக்குப் போய் வந்து விரதம் முடித்தார். அதன் பிறகு ஹாலில் கிடந்த பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போனார். கறுத்த பலகைக்கு நேர் கீழே விரித்தார். அடைத்திருந்த ஜன்னலின் கொக்கியைத் தட்டிக் கழற்றித் திறந்தார். பகல் முழுக்கக் காய்ந்த உப்புக் காற்று அனலாக உள்ளே வந்து அவர் மேல் விழுந்தது.

சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். வேர்வை வழிந்தது. வாயைத் திறந்து, மேலே பார்த்தபடி, வெளிக்காற்றை இழுத்து மெதுவாக மூச்சு விட்டார்.